இரண்டு மொழிக் காசும் ஞாயிற்றுக்கிழமை போனும்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கவில்லை. கேட்டால் அதையும் சுருக்கித்தான் சொல்வாய்.

ஞாயிறுதோறும் போனில் பேத்தி அவள் அம்மாவின் மொழியில் ஐந்து நிமிடம் மூச்சுவிடாமல் பேசுகிறாள். நடுவில் நீ உட்கார்ந்துகொண்டு, "ஸ்கூல் நல்லாயிருக்காம்ப்பா" என்று முடித்துவிடுகிறாய். மிச்சப் பேச்செல்லாம் எங்கேடா போகிறது? உன் அம்மா போனபிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுவது குக்கர் விசில் மட்டும்தான். பொழுது போகாமல் மியூசியத்துக்குப் போனேன், பழைய இந்தியக் காசுகள் வைத்திருந்தார்கள், அதில் கட்டைவிரல் நகமளவு ஒரு வெள்ளிக் காசு, ஒரு பக்கம் ராஜா முகம், அதைச் சுற்றிப் பிராகிருதம், மறுபக்கம் தமிழ் என்று சீட்டில் போட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், ஊரில் ரெண்டு பாஷைக்காரனும் இருக்கிறான், ரெண்டு பேரும் படிக்கட்டும் என்று ஒரு ராஜாவுக்குத் தோன்றியிருக்கிறது. நம் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கண்ணாடிப் பெட்டிமேல் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். காவலாளி வந்து, "என்ன சார், எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். பாவம், குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

நாற்பது வருஷம் ரப்பர் ஸ்டாம்பு வெட்டியவன் சும்மா இருப்பேனா? வட்டமாக இரண்டு வெட்டினேன். ஒன்றில் தமிழில் 'தாத்தாவோடு பேசு'. அதையே மருமகள் மொழியில், அவள் ஊர்ப்பக்கத்துச் சலவைக்கடைக்காரர் ஒருவர் இங்கே இருக்கிறார், அவரிடம் எழுதி வாங்கி மற்றதில் வெட்டி, காசு மாதிரி ஒரு தடித்த அட்டையில் முன்னும் பின்னும் குத்திப் பேத்திக்கு அனுப்பினேன். ஸ்டாம்பில் எழுத்தைத் திருப்பி வெட்டினால்தான் தாளில் நேராக விழும். தமிழ் என் கைக்குத் தெரியும், தானாகத் திரும்பியது. தெரியாத மொழியைப் பார்த்தது பார்த்தபடியே வெட்டித் தொலைத்தேன். "அந்தப் பக்கம் எழுத்தெல்லாம் திரும்பியிருக்குப்பா!" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அட்டை எங்கே என்றால், "எங்க போட்டாளோ, விடுப்பா" என்கிறாய்.

விட்டுவிட்டேன். எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. இனி ஞாயிறு போன் வேண்டாம்.

மருமகளுக்கும் பேத்திக்கும் என் முழு ஆசீர்வாதம். உனக்கு அதன் சுருக்கம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மருமகள் நம்பரிலிருந்து வீடியோ கால். குழந்தை மட்டும். குளியலறைக் கண்ணாடிக்கு அட்டையைக் காட்டி, அதில் நேராகத் தெரிந்த எழுத்தைச் சத்தமாகப் படித்துக் காண்பித்தாள். பிறகு திருப்பித் தமிழ்ப் பக்கத்தில் விரலை வைத்தாள். நான் படித்தேன். அவளும் சொன்னாள். அப்புறம் அவள் பாஷையில் அவளும் என் பாஷையில் நானும் இருபது நிமிஷம் பேசினோம். ஒன்றும் புரியவில்லை, ஒரு வார்த்தைகூடக் குறையவில்லை. ஆகவே மேலே எழுதியதை அடித்துவிடு. ஞாயிறு போன் வேண்டும். நீதான் வேண்டாம்.