மாமாவின் துப்பாக்கி வெளுத்த விவரம்

இராஜபாளையம்
16.10.1987

மரியாதைக்குரிய மச்சான் பொன்னுராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஆவுடையம்மாளின் கணவன் சங்கரலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். வடக்கே பிலாயில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டாள் துணையிருப்பாள். மாமாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது, படுத்த படுக்கைதான். அப்படியிருக்க, “அப்பாவுக்குப் பரவாயில்லை, தீபாவளி கழித்து வரவும்” என்று போன வாரம் நான் ஏன் தந்தி கொடுத்தேன் என்று தாங்கள் குழம்பியிருப்பீர்கள். காரணத்தைத் தந்தியில் எழுத முடியாது, தந்தி ஆபீசில் படித்துவிடுவார்கள். மாமாவின் துப்பாக்கி வெள்ளையாகிவிட்டது.

சேத்தூர் தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்ட மாமா லைசென்ஸ் எடுத்து வாங்கிய அதே இத்தாலித் துப்பாக்கிதான். “குழாய் இரும்பு மாப்ளே, அது எண்ணெய் கேக்கும். உடம்பு அலுமினியம். மேல கறுப்புச் சாயம் ஏத்தியிருக்கான், அதைச் சும்மா விட்டாலே போதும்” என்று மாமா எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள். கை வேர்வையைப் பழைய மல் வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைக்க வேண்டும். சாம்பல், புளி, சோடா, பித்தளை பாலிஷ் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் குறை வைப்பதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். அதை நம்பித்தான் லைசென்ஸில் என் பெயரையும் சேர்க்க வைத்து, பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

ஆயுத பூஜைக்கு மாமா எப்போதும் மரக்கட்டையில்தான் பொட்டு வைப்பார்கள். அது ஏன் என்று நான் கேட்டதில்லை. இந்த வருஷம் நானே வைக்க வேண்டியதாயிற்றா, கறுப்பில் எடுப்பாகத் தெரியுமே என்று அலுமினிய உடம்பில் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் ஈரமாக அப்பிவிட்டேன். பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது என்று உங்கள் தங்கை வேறு சொல்லிவிட்டாள். அது காய்ந்து, பொருக்கு உதிர்ந்த பிறகு பார்த்தால் ரத்தம் தெறித்தது போல் சிவப்புக் கறை, எண்ணெய்க்கும் மசியவில்லை. நான் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுப் பால்பாண்டி வந்து சேர்ந்தான். பேண்டேஜ் துணி ஃபேக்டரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறான்.

“அண்ணாச்சி, நாங்க எம்புட்டுத் துணிய வெளுக்கோம், இந்தப் பொட்டு போவாதா? காஸ்டிக் சோடாத் தண்ணியில செத்த நேரம் போட்டு எடுங்க, பால் மாதிரி ஆயிரும்” என்றான்.

பால் மாதிரி ஆகும் என்றபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். குழலையும் கட்டையையும் கழற்றி பத்திரமாக வைத்துவிட்டு, இதிலெல்லாம் நான் கெட்டிக்காரன், உடம்பை மட்டும் வாளியில் இறக்கினேன். உலை கொதிப்பது போல் நுரைத்துப் பொங்கியது. “என்னலே, பொங்குது?” என்றேன். “அழுக்கு போவுது அண்ணாச்சி” என்றான். எடுத்துப் பார்த்தால் அழுக்கும் போயிருந்தது, கறையும் போயிருந்தது, கறுப்பும் போயிருந்தது. ஹோட்டல் இட்லிக் கொப்பரை நிறத்தில், சொரசொரவென்று ஒரு சாமான். பால்பாண்டி அதற்குப் பிறகு எங்கள் தெரு வழியாக வேலைக்குப் போவதில்லை. கறுப்பு பெயிண்ட் அடித்தேன், பொருக்குப் பொருக்காக உரிந்து வந்தது. பூட் பாலிஷ் போட்டேன், அது என் வேட்டியில்தான் நன்றாகப் பிடித்தது. மதுரையில் ஒரு பட்டறைக்காரர் மறுபடி சாயம் ஏற்றித் தருகிறேன் என்கிறார், ஆனால் துப்பாக்கி என்பதால் அதிகாரி உத்தரவோடு வரச் சொல்கிறார். மனுக் கொடுத்திருக்கிறேன். கார்த்திகைக்குள் கிடைக்கலாம்.

இதற்கிடையில் மாமா விடிந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “மாப்ளே, துப்பாக்கியத் தொடச்சீகளா?”

“தொடச்சேன் மாமா.”

“நல்லாத் தொடச்சீகளா?”

“இதுக்கு மேல தொடைக்க முடியாது மாமா.”

“சரி. பெரியவன் வரட்டும். அவன் கையில எடுத்துக் குடுத்துட்டுத்தான் கண்ண மூடுவேன்” என்கிறார்கள்.

இதைத் தாங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். தாங்கள் வந்தால் துப்பாக்கியை வெளியே எடுக்க வேண்டும். எடுத்தால் அந்த அதிர்ச்சியிலேயே மாமாவுக்கு ஏதாவது ஆகிவிடும். வராவிட்டால், சொன்ன சொல் தவறாத மனிதர், உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். ஆகவே தாங்கள் வராமலிருப்பது மாமாவின் ஆயுளுக்கே நல்லது. கார்த்திகை கழியட்டும். உடனே புறப்படுங்கள் என்று உங்கள் தங்கை அழுது எழுதினால் நம்ப வேண்டாம், அவள் சும்மாவே அழுகிறவள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நிறைந்த படிப்போடும் இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
சங்கரலிங்கம்

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கவரை ஒட்டப்போகும் நேரத்தில் மாமா துப்பாக்கியைக் கேட்டிருக்கிறார்கள். உங்கள் தங்கை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துப்போய் மடியில் வைத்துவிட்டாள். நான் ஓடிப்போய் நின்றேன். மாமா தடவிப் பார்த்தார்கள். “இதுக்கும் நரைச்சுப்போச்சா மாப்ளே?” என்று கேட்டு, இருமல் வரும்வரை சிரித்தார்கள். ஒரு கோபமும் இல்லை மச்சான். பொறவு, “பெரியவன் ஏன் இன்னும் வரல? எம்மேல எதும் வருத்தமா?” என்றார்கள். நான்தான் தடுத்தேன் என்று சொல்லாமல், துப்பாக்கியை மடியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மாமா போய்விட்டார்கள்.

தந்தி கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்போது தாங்கள் இங்கே வந்து காரியமெல்லாம் முடித்துத் திரும்பியிருப்பீர்கள். ஆனாலும் தபாலில் போடுகிறேன். அப்பா என்னைக் கூப்பிடவே இல்லையா என்று இங்கே தாங்கள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இருக்காது. கூப்பிட்டார்கள் மச்சான். தினமும் கூப்பிட்டார்கள்.