லபோர்த் துரையின் வாரிசுகள்

1946-ஆம் வருஷம். ஞாயிறு பூசையில் வாசிப்பதற்குச் சாமியாரிடம் கல்யாண ஓலை கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளையின் தகப்பனார் காஸ்பர், மனைவி ராயம்மாளோடு பாண்டிச்சேரியிலிருந்து பஸ் ஏறிச் செஞ்சிக்கு வந்திருந்தார். தம் முழுப்பெயரை எழுதிக் காகிதத்தை நீட்டினார். வாங்கிப் பார்த்த பெண்ணின் தகப்பனார் செபாஸ்தியான் அதை இன்னொரு முறை படித்தார்.

காஸ்பர் லபோர்த்.

அவர் முழுப்பெயரும் செபாஸ்தியான் லபோர்த். தரகர் பையனின் வேலையைச் சொன்னாரே ஒழிய இதைச் சொல்லவில்லை.

"ஒரே குடும்பப் பேருன்னா பங்காளிங்களாச்சே," என்றார் காஸ்பர். "என் பையனுக்கு உங்க பொண்ணு தங்கச்சி ஆவுது. எப்பிடிக் கட்றது?"

மகள் மரியசெல்விக்கு இருபத்துநாலு வயது. இரண்டு இடம் தட்டிப்போய் அமைந்த இடம் இது. கதவுக்குப் பின்னால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது செபாஸ்தியானுக்குத் தெரியும். விட்டுவிடுவாரா?

"எங்க லபோர்த் வேற. பிரெஞ்சுக்காரன் காலத்துல இந்தக் கோட்டையக் காத்த கேப்டன் வம்சம் நாங்க." அந்தக் கேப்டனைச் சொல்லியே முப்பது வருஷமாக ஊரில் மரியாதை வாங்கித் தின்றவர் அவர்.

"நாங்களும் அதே கேப்டன் வம்சந்தான்," என்றார் காஸ்பர்.

செபாஸ்தியான் அவசரமாகக் கேப்டனுக்கு ஓர் அண்ணனைப் பிறப்பித்தார். "நாங்க அவரு அண்ணன் வழி."

"அண்ணன் தம்பி புள்ளைங்களும் பங்காளிதானே?"

"தப்பா சொல்லிட்டேன். தங்கச்சி வழி."

"தங்கச்சி புள்ளைக்குப் புருஷன் பேருல்ல வரும்?"

"அந்தம்மாவுக்குத்தான் கல்யாணமே ஆவலியே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. காஸ்பர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கல்யாணமாவாத வழியில வந்த பொண்ணா?"

கதவுக்குப் பின்னால் விசும்பல் கேட்டது. செபாஸ்தியானுக்கு நெஞ்சு தாங்கவில்லை. முப்பது வருஷத்துக் கேப்டன் போனால் போகட்டும், பெண் அழக்கூடாது.

"கேப்டனும் இல்ல, தங்கச்சியும் இல்ல, சம்பந்தி. அறுபத்தஞ்சு வருஷத்துக்கு முன்ன பாண்டிச்சேரியில பிரெஞ்சு சட்டத்துக்கு மாறினவங்களையெல்லாம் ஒரு குடும்பப் பேர எடுத்துக்கச் சொன்னாங்க இல்ல? லபோர்த்னு ஒரு துரை வூட்ல எங்க தாத்தா சமையக்காரரு. துரை பேரையே எழுதிக் குடுத்துட்டாரு. நமக்குள்ள ரத்த சம்பந்தமே இல்ல."

காஸ்பர் உட்காரவில்லை. நெஞ்சு இன்னும் நிமிர்ந்துகொண்டது. "அப்போ கேப்டன் வம்சத்துல சமையக்காரர் வூட்டுப் பொண்ண எடுக்கச் சொல்றீங்க?"

அதுவரை வாயே திறக்காமல் காப்பி குடித்துக்கொண்டிருந்த ராயம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"செத்த உக்காருங்க, பங்காளியும் இல்ல, மாமன் மச்சான் மொறதான். அந்தச் சமையக்காரரு தங்கச்சியக் கட்டிக்கிட்டு, மச்சான் எழுதுன பேரையே எனக்கும் எழுதுங்கன்னு சொன்ன தோட்டக்காரருதான் உங்க தாத்தான்னு உங்க நைனாவே எங்கிட்ட சொல்லியிருக்காரு."