சம்மத மணி

மணி தானாகவே அடிக்கிறதாம்! தையல் கம்பெனி முழுக்க இதே பேச்சு.

இரவு ஷிஃப்ட் திட்டத்தைத் தொழிலாளர்கள் மனமுவந்து ஏற்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அவர்களையே கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே! ஆகவே மனசைப் படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சம்மதச் சாமியை வரவழைத்தார்.

சாமி கண்ணை இறுகக் கட்டிக்கொண்டு, துணி விரித்த மேசைக்குப் பின்னால் அமர்ந்தார். ஒவ்வொருவராக வந்து பித்தளைத் தட்டில் கை வைக்க வேண்டும். தட்டு கிணுங்கும். மனசுக்குள் சம்மதம் இருந்தால் மேலே தொங்கும் மணி அடிக்கும். எல்லோருக்கும் அடித்தது. என்ன ஒற்றுமை!

பட்டன் தைக்கும் அக்காவுக்கும் அடித்தது.

"எனக்குச் சம்மதமில்லை சாமி. வீட்டுக்காரர் படுத்த படுக்கை. ராத்திரி அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேற ஆளில்லை."

"வாய் அப்படித்தான் சொல்லும் தாயே. மனசு சம்மதிச்சிருச்சு."

கட்டிங் மாஸ்டருக்கு மெய்சிலிர்த்தது. "மணி பொய் சொல்லுமா? உன் மனசு உனக்கே தெரியலைம்மா!"

அக்கா யோசித்தாள். தன்னைக் கேட்காமலே சம்மதித்த மனசு, ராத்திரி வீட்டுக்குப் போய் அவரைப் புரட்டியும் போடுமா? விறுவிறுவென்று மூலைக்குப் போனாள். சட்டை மாட்டிப் பார்க்கும் பொம்மையை இடுப்பில் தூக்கிவந்தாள். அதற்குத் தலை உடைந்து வெகுகாலம்.

"அதை எதுக்குக்கா?" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி.

"உஷ்! இவரும் நம்ம ஆளுதான். ஒரு நாள் லீவு போட்டதில்லை."

பொம்மையின் கையைத் தட்டில் வைத்தாள். கிணுங்கியது. டணார்!

"ஆஹா!" சாமி உருகினார். "இதுவரை வந்ததிலேயே தூய உள்ளம்! விடிய விடிய நின்னு உழைக்கத் துடிக்குது!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சாமி கண்கட்டை அவிழ்த்தார். எதிரே கழுத்தோடு முடிந்த பொம்மை நின்றது. அக்கா மேசைத் துணியைத் தூக்கினாள். சாமியின் கால் கட்டைவிரலிலிருந்து மணிவரை ஒரு நூல்.

"அட, நம்ம பட்டன் நூல்! வரும்போது இதைக்கூடக் கொண்டு வரலையா சாமி?"

முதலாளி வியர்வையைத் துடைத்தார். "இப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

"வாயைத் திறந்து எங்களைக் கேளுங்க. வாயால சொல்றோம்."

வேறு வழியில்லாமல் கேட்டார். சொன்னார்கள், கட்டிங் மாஸ்டர் உட்பட. கடைசியில் திட்டத்துக்கு மிஞ்சியது ஒரே ஓட்டு. அதைப் போட்டவருக்குத் தலை கிடையாது.

உங்களுக்கு இருக்கிறதல்லவா?