பாறை உருகிய ஞாயிற்றுக்கிழமை

கேரள எல்லையோரக் குன்னத்துகால் சந்திப்பில் முன்பெல்லாம் கட்சிகளின் பேனர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். இப்போது எல்லாக் கட்சிகளும் ஒதுங்கி ஒரே ஒரு முகத்துக்கு இடம் விட்டிருந்தன. ரெய்கி கிராண்ட் மாஸ்டர் காந்திமதிநாதன். வெள்ளை ஜிப்பா, விரித்த இரண்டு உள்ளங்கைகள், அவற்றிலிருந்து பாயும் மஞ்சள் கதிர்கள். கீழே பெரிய எழுத்தில் 'தொடாமலே குணம்'. நெய்யாற்றின்கரைப் பக்கம் தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம் விற்றுக்கொண்டிருந்தவர், அதில் லாபம் போதாமல் மனிதர்களைச் சுத்திகரிக்கக் கிளம்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் போதும். பாறசாலையிலிருந்து பஸ், காட்டாக்கடையிலிருந்து ஜீப், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்டோ. எல்லாம் வந்து நிற்பது வாசகசாலை வாசலில். உள்ளே அறிவியல் மாத இதழ்களை ஓரமாக அடுக்கி வைத்துவிட்டுப் பாய் விரித்திருப்பார்கள். அந்தக் கூடத்தை ரெய்கிக்கு விட்டுக்கொடுக்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவன் யார் என்று கேட்டால், வாசகசாலைக் குழுவில் இருக்கும் தீபு தலையைக் குனிந்துகொள்வான். வாசகசாலைக்கு ஒரு சீலிங் ஃபேன் தருவதாக மாஸ்டர் சொன்னார். தீபு பகுத்தறிவாளன்தான், ஆனால் அவனுக்கும் வியர்க்கும் அல்லவா?

கல்லூரியில் பகுத்தறிவு மன்றம் நடத்துபவன் தீபு. தலைவர் அவன். செயலாளர் அபிலாஷ். உறுப்பினர்கள் இன்னும் சேரவில்லை.

மாஸ்டரின் முறை எளிது. வருகிறவர்கள் கட்டணம் கட்டிவிட்டுப் பாயில் மல்லாந்து படுக்க வேண்டும். கண்மேல் ஈரத் துவர்த்தை, அதாவது தோள்துண்டை, மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் துவர்த்து இல்லாத தோள் இல்லை என்பதால் அதற்குத் தனிச் செலவு கிடையாது. பிறகு புல்லாங்குழல் இசை. அதன் மேலே மைக்கில் மாஸ்டரின் குரல். "இப்பொழுது என் கை உங்கள் நெற்றிக்கு மேலே வருகிறது... இப்பொழுது நெஞ்சுக்கு மேலே..." கை உடம்பில் படாது. ஒரு சாண் உயரத்தில் மிதக்கும். சக்தி இறங்கும்.

எழுந்ததும் மாஸ்டர் ஆள் ஆளாகக் கேட்பார். பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்பதுதான் அவருடைய தத்துவத்தின் உயிர்நாடி.

"சூடு தெரிஞ்சுதா? நீ நெருப்பு. குளிர்ந்துதா, கொட்டாவி வந்துதா? நீ காற்று. ஒண்ணுமே தெரியலியா? பாறை ஆக்கும். உள்ள கட்டிப் போய் கெடக்கு. கொறச்சு கூடுதல் நாள் வரணும்."

அதாவது சூடு வந்தால் ரெய்கி வேலை செய்கிறது. குளிர்ந்தால் நன்றாக வேலை செய்கிறது. ஒன்றும் வராவிட்டால் மிக ஆழத்தில் வேலை செய்கிறது. தோற்க வழியே இல்லாத இந்த ஏற்பாட்டைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டிருந்தால் தீபு எப்போதோ இயற்பியலில் தேறியிருப்பான்.

ஊர் மூன்று சாதியாகப் பிரிந்தது. ரப்பர் வெட்டும் தங்கையன் நெருப்பு. அவர் நடையே மாறிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் "பெண்ணு நெருப்பாக்கும்" என்று சொல்லி ஒரு கல்யாணம் படிந்ததாகவும் பேச்சு. தையல்கடை விஜயம்மாதான் பாவம். எத்தனை ஞாயிறு போயும் பாறை. பக்கத்துப் பாய்க்காரர்கள் அவளைத் துக்கம் விசாரிப்பதுபோலப் பார்த்தார்கள்.

இதெல்லாம் தீபுவுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, வீட்டுக் குளிர்பெட்டியைத் திறக்கும் வரை. மீன்கறிச் சட்டிக்குப் பின்னால் அம்மாவின் இன்சுலின் ஊசிகள் வரிசையாக, பிரிக்காமல், மருந்துக்கடையில் இருப்பதைப் போலவே இருந்தன.

"அம்மா, ஊசி போடுததில்லையா?"

"எதுக்கு மக்கா? நான் நெருப்புல்லா." விமலகுமாரி சிரித்தாள். "சூடு வரும்போ சர்க்கரை எரிஞ்சு போவும்னு மாஸ்டர் சொன்னாரு."

"காலுல என்ன?"

"செருப்பு கடிச்சது. அது ஆறும்."

ஆறவில்லை. பெருவிரல் ஓரம் கறுத்திருந்தது. தீபு சண்டை போட்டான். கெஞ்சினான். "நீ படிச்சவன்தான். ஆனா எனக்க ஒடம்பு எனக்குல்லா தெரியும்" என்று அம்மா முடித்துவிட்டாள்.

ஆகவே அந்த ஞாயிறு தீபு மோசடியை உடைக்கப் போனான். துவர்த்தோடு படுத்தான். ஒன்றும் தெரியவில்லை. எழுந்து நின்று, "எனக்கு ஒண்ணும் தெரியல சாரே" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். கூடமே அதிரும் என்று எதிர்பார்த்தான். மாஸ்டர் அவன் தோளைத் தட்டி, "பாறை" என்றார். எல்லோரும் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். அன்று மாலையே சந்திப்பில் "எலே பாறை" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

பகுத்தறிவாளனுக்கு ரோசம் வரக்கூடாது. வந்தது. என் உடம்பில் மட்டும் என்ன குறை?

அடுத்த ஞாயிறு மறுபடி போனான். ஆராய்ச்சிக்கு என்று அபிலாஷிடம் சொன்னான். அபிலாஷை எதிரிலுள்ள ஈசாக்கின் டீக்கடையில் கண்காணிப்புக்கு உட்கார வைத்தான். அபிலாஷ் அந்தப் பொறுப்பை ஒரு தட்டுப் பழம்பொரியோடு ஏற்றுக்கொண்டான்.

துவர்த்து கண்ணில் விழுந்தது. குழல் ஊதியது. "இப்பொழுது என் கை உங்கள் நெஞ்சுக்கு மேலே..." தீபுவின் நெஞ்சு சூடானது. முதலில் இளஞ்சூடு. பிறகு தோசைக்கல் பக்கத்தில் நிற்பதுபோல. பிறகு சொல்லவே கூச்சம், கண்ணில் நீர். துவர்த்து ஏற்கெனவே ஈரம் என்பதால் மானம் தப்பியது.

"பாறை உருகிட்டு" என்று மாஸ்டர் அறிவித்தார். கைதட்டல். விமலகுமாரி மகனைக் கட்டிக்கொண்டாள். வெளியே வரும்போது தீபுவின் நடையும் தங்கையனின் நடையைப் போலத்தான் இருந்தது. ஒருவேளை அம்மா சொல்வதிலும் ஏதாவது இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. பகுத்தறிவு மன்றத்தின் வரலாற்றில் அதுவே இருண்ட காலம். ரோட்டைக் கடக்கும் வரை நீடித்தது.

"எலே, சூடுன்னா சூடு. நெஞ்சுக்கு நேரா பிடிச்சாரு அந்தக் கைய."

அபிலாஷ் மெல்லுவதை நிறுத்தினான். "எந்தக் கைய?"

"மாஸ்டருக்க கைய."

"அவரு இஞ்ச எனக்க பக்கத்துல இருந்து பழம்பொரி தின்னாரு, தலைவரே. பாட்டு தொடங்கினதும் வந்தாரு, முடியதுக்கு முன்ன போனாரு. எல்லா ஞாயிறும் இதுதான்னு ஈசாக்கண்ணன் சொல்லுது."

"அப்பம் மைக்குல பேசினது?"

"மொபைலா இருக்கும். பதிவு செஞ்சு வச்சிருப்பாரு."

தீபு பெஞ்சில் உட்கார்ந்தான். தான் கண்ணீர் விட்டது ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் என்று புரிய ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. இதை வெளியில் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அம்மாவின் கால் போகும். கணக்கில் மோசமானவன்தான், ஆனாலும் இந்தக் கணக்கு அவனுக்கு வந்தது.

அடுத்த ஞாயிறுக்குக் காத்திருந்த அந்த வாரம் முழுவதும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தான். "உருகின பாறை திரும்ப இறுகுது" என்றாள் அவள்.

ஞாயிறு வந்தது. கூடம் நிறைந்தது. துவர்த்துகள் விழுந்தன. குழல் ஊதியது. மாஸ்டர் பூனைபோல வெளியேறினார். குரல் நெஞ்சுவரை வந்ததும் தீபு எழுந்து ஸ்பீக்கரை அணைத்தான்.

"கண்ண தொறக்காதிங்கோ," என்றான் மெதுவாக. "சூடு தெரியவங்க கைய தூக்குங்கோ."

கைகள் எழுந்தன. நட்ட வயல் மாதிரி இருந்தது.

"மாஸ்டருக்க கை இப்பம் எங்க இருக்கு?"

"எனக்க முழங்காலுல," என்றார் தங்கையன்.

"எனக்க நெத்தியில," என்றது ஒரு குரல்.

"எனக்க நெஞ்சுல ஆக்கும் மக்கா," என்றாள் விமலகுமாரி. "இண்ணைக்கு வழக்கத்த விட நல்ல சூடு."

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள் விஜயம்மா, குற்றம் செய்தவள்போல.

"சரி. துவர்த்த எடுத்துட்டு சன்னல் வழியா பாருங்கோ."

எடுத்தார்கள். பார்த்தார்கள். ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஈசாக்கின் கடை பெஞ்சில் மாஸ்டர் இருந்தார். ஒரு கையில் டீ, மறு கையில் பழம்பொரி. இரண்டு கையும் வேலையாக இருந்தன.

கூடத்தில் முகங்கள் திரும்பியதைப் பார்த்து மாஸ்டர் ஓடி வந்தார். ஓடும்போதே விளக்கமும் தயாராகிவிட்டது.

"தூரத்துல இருந்தும் சக்தி அனுப்பலாம். அது உயர்ந்த நிலை..."

"அப்பம் நீரு எதுக்கு வாறீரு?" விஜயம்மா எழுந்து நின்றாள். இத்தனை மாதம் குனிந்திருந்த தலை அது. "ஒம்ம வீட்டுல கெடந்து அனுப்பும். நாங்க எங்க வீட்டுல கெடந்துக்கிடுதோம். இஞ்ச யாருக்க மேலயும் கை இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன். எனக்க ஒடம்பு சொன்னதுல்லா சரி? என்னைய பாறைன்னீரே."

தங்கையன் விடவில்லை. "ஆனாலும் சூடு வந்துது மக்கா. நான் பொய் சொல்லல."

"வந்துது மாமா. எனக்கும் வந்துது, கண்ணீரும் வந்துது." தீபு எல்லோர் முன்னாலும் சொன்னான். "விடிய முன்ன ரப்பர் வெட்டி ஓஞ்ச ஒடம்பு மல்லாந்து கெடந்தா சொகம் வரும். வரும் வரும்னு காத்துக் கெடந்தா சூடும் வரும். சிலருக்கு சட்டுனு வரும், சிலருக்கு வராது. அது நம்ம நம்ம ஒடம்பும் மனசும். அவருக்க கை இல்ல."

மாஸ்டர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். விமலகுமாரி மட்டும் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் தானே விரலை நீட்டினாள். தீபு ஒரு துளி ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் கருவியில் வைத்தான். எண் காட்டவில்லை. எண்ணுக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. அந்தச் சின்னப் பெட்டிக்கு நெருப்பு, காற்று, பாறை என்று ஆள் பார்த்துச் சொல்லத் தெரியாது.

"வண்டிய எடு மக்கா," என்றாள்.

கால்விரலைக் காப்பாற்றிய டாக்டர், இன்னும் தாமதித்திருந்தால் முடியாது என்றார். மாஸ்டர் இப்போது எல்லைக்கு அந்தப்பக்கம் இருப்பதாகக் கேள்வி. அங்கே பேனரில் மூன்று கைகள் என்கிறார்கள். ஃபேன் கடைசி வரை வரவில்லை. மன்றத்தில் விஜயம்மா சேர்ந்தாள். தலைவர் பதவியையும் அவளுக்கே கொடுத்துவிட்டு, தீபு சாதாரண உறுப்பினராக இறங்கிக்கொண்டான். உருகியவன் தலைவனாக இருக்கக்கூடாது என்பது அபிலாஷ் சொன்ன நியாயம்.

கண்ணில் துவர்த்து கிடந்தால் யாருக்கும் சூடு வரலாம். அதை எடுத்துப் பார்க்கவும் ஒரு கை வேண்டும்தான். அந்தக் கை உங்கள் தோளிலேயே இருக்கிறது. கட்டணமும் இல்லை.