முழுதாகத் திரும்பி வந்த பாண்

நோர்பரி, இலண்டன்.
கார்த்திகை, திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான போதகர் சஞ்சயன் அவர்களுக்கு, தங்கள் சபையின் விசுவாசியும், தங்களை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவுமாகிய எமில்டா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தானும் தேவகிருபையால் சுகம். ரொறன்ரோவில் தாங்களும், பிள்ளை பெற்றிருக்கும் மகளும், பேரக்குழந்தையும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். போதகர் என்பதால் மரியாதையாகத் தொடங்கியிருக்கிறேன். போகப்போக ‘நீ’ வந்தால், அது அக்கா எழுதிய இடம் என்று எடுத்துக்கொள். இதைப் போனிலும் சொல்லலாம். ஆனால் போனில் நான் ஒரு கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினால், முடிக்கவிடாமல் நீ ஜெபம்பண்ணத் தொடங்கிவிடுவாய்.

திருவிருந்து ஆராதனையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாய். “வசனமெல்லாம் உங்களுக்கு மனப்பாடம், நீங்களே நடத்துங்கோ அக்கா” என்றாய். அதோடு விட்டாயா? விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் திரும்பி வந்து, “இந்த முறை அந்தச் சகலன்மார் ரெண்டுபேரையும் ஒரே அப்பத்திலை கை வைக்கப் பண்ணுங்கோ. அதுதான் ஆராதனை, மற்றதெல்லாம் ஒழுங்குதான்” என்று ஒரு மலையைத் தூக்கி என் தலையில் வைத்தாய். செல்வரத்தினம் அண்ணை பாட்டை இழுப்பதும், கீபோர்டு வாசிக்கும் புவனேசன் ஓடுவதும் உனக்குத் தெரியாததல்ல. உயிர்த்த ஞாயிறன்று அண்ணை கடைசி அடியைப் பாடிக்கொண்டிருக்க, புவனேசன் கீபோர்டை மூடி உறையும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. பெண்சாதிமார் அக்காவும் தங்கையும். ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். இவர்களோ திருவிருந்து தொடங்கியதும் ஒருவர் காரைப் பார்க்கப் போவார், மற்றவர் கேத்தல் கொதிக்கிறதா என்று பார்க்கப் போவார்.

அந்தக் கிழமை முழுவதும் நான் இந்த உலகத்தில் இருக்கவில்லை, தம்பி. கோப்பை கழுவினாலும் துணி மடித்தாலும் கண்ணுக்குள் அந்த மேலறைதான். ஒரு எண்ணெய் விளக்கு, சுற்றிவரப் பன்னிரண்டு களைத்த முகங்கள், நடுவில் அவர். அத்தான் வந்து, “எமில்டா, சோறு கருகுது” என்றார். “கருகட்டும், நான் மேலறையிலை நிக்கிறன்” என்றேன். மனிசன் தானே போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டுப் பாண் தின்றார். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் ஆராதனையையும் வரவு செலவு பார்த்தே எழுதினேன். நாங்கள் கொண்டுவருவது ஒரு பக்கம்: பாவம், பகை, பசி. அவர் தருவது மறுபக்கம். எப்படிக் கூட்டினாலும் சரிவரவில்லை, அவர் பக்கம்தான் எப்போதும் கூடுதலாக நின்றது. பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அவர் யாரையும் வரிசையில் நிற்க வைக்கவில்லையே! சுற்றி இருத்தித்தானே கொடுத்தார்? நாங்கள் ஏன் தபால் கந்தோரில் நிற்பதுபோல நிற்கிறோம்? ஆகவே கதிரைகளை வட்டமாகப் போடுவது, அப்பத்துக்கு ஒரே பாண், ஒரே தட்டு. பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்து “இது உங்களுக்காக” என்று சொல்ல வேண்டும். அவர் பிட்டுச் சாப்பிட்டு, அடுத்தவரிடம் அதையே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நேற்றுக் காலையில் டூட்டிங் பேக்கரிக்குப் போய், சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கிய ரோஸ்ட் பாண் ஒன்று வாங்கினேன். மேலோடு தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் கேட்கும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பச்சைக் குழந்தைபோலச் சூடாக இருந்தது. யன்னலுக்கு வெளியே மழைப்புகார். பஸ் முழுக்க அந்த மணம். முன்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே வந்தார். பஸ் நோர்பரிக்குத்தான் போகிறதா, மேலே எங்கேயும் ஏறுகிறதா என்று எனக்கே சந்தேகம்.

பின்னேரம் மண்டபத்தில் ஹீட்டர் அடுப்பாக எரிந்தது; குறைக்க ஒருவருக்கும் ஏலவில்லை. மேற்கு யன்னலால் வந்த மஞ்சள் வெயில் திராட்சரசக் கோப்பைகளில் விழுந்து, மேசையில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் ஏற்றியதுபோல் இருந்தது. சகலன்மாரைக் கதவுக்குத் தூரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருத்தி, இரண்டு கரையிலும் அவரவர் பெண்சாதியைத் தாழ்ப்பாளாகப் போட்டேன். ஜெபம் பண்ணி, “இது உங்களுக்காக” என்று எனக்குப் பக்கத்திலிருந்த தவநாயகி அக்காவிடம் தட்டை நீட்டினேன்.

“ஐயோ, பெரியாக்கள் இருக்க நான் என்னெண்டு முதல் எடுக்கிறது?” என்று தட்டை அங்காலே தள்ளினா. அடுத்தது துளசி. “எனக்கு அவசரமில்லை, நீங்கள் எடுங்கோவன்.” அவவுக்கு அடுத்தவர், “விருந்தாளியள் எடுக்கட்டும்.” யார் விருந்தாளி என்று எல்லாரும் சுற்றிவரப் பார்த்தார்கள். சகலன்மார் வாய் திறவாமலே கடத்திவிட்டார்கள். உன் அத்தானாவது கைகொடுப்பார் என்று பார்த்தால், “கொண்டுவந்தவ முதல் சாப்பிடட்டும்” என்றார். தட்டு வட்டம் முழுதும் நிலாபோல ஊர்ந்து, பாணில் ஒரு துணிக்கைகூடக் குறையாமல் என் கைக்கே திரும்பி வந்தது! நீ கேட்பாய், “அக்கா, நீங்கள் பிட்டுத் தொடக்கியிருக்கலாமே” என்று. விருந்து வைப்பவள் முதலில் சாப்பிடுவாளா? நானும் யாழ்ப்பாணத்துக்காரிதானே.

இரண்டாம் சுற்று விட்டேன். சகலன்மாரிடம் வந்ததும் தட்டு நின்றுவிட்டது. அண்ணை ஒரு பக்கம் பிடிக்க, புவனேசன் மறுபக்கம் பிடிக்க, எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. சபை இதைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாதே என்று, “எல்லாரும் கண்ணை மூடிக் கொஞ்சநேரம் மௌனமாயிருப்பம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன நேரம் அப்படி. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள், மத்தியானச் சோறு, ஹீட்டர். நான் கண்ணைத் திறக்கும்போது சபை முழுவதும் நித்திரை. தவநாயகி அக்காவின் தலை துளசியின் தோளில். அத்தான் மெல்லக் குறட்டை. எழுப்ப மனம் வரவில்லை, தம்பி. அந்த இரவிலும் சீஷர்கள் நித்திரைதானே, அவர் அவர்களுக்கும்தானே கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வெயில் மெதுவாக முகம் முகமாகத் தடவிப் போனது. அப்போது தட்டிருந்த பக்கத்தில் குசுகுசுப்பு.

“பிடியும், கை நோகுது.” இது அண்ணை.

“முதல் நீங்கள் எடுங்கோ. நீங்கள்தானே மூத்தவர்.”

“அது இப்பதான் தெரிஞ்சதோ? உயிர்த்த ஞாயிறண்டு எங்கை போனது அந்த மரியாதை?”

“அண்டைக்கு நீங்கள் இழுத்த இழுவைக்கு, ஆண்டவர் எழும்ப அடுத்த கிழமை ஆகியிருக்கும்.”

“நீர் ஓடின ஓட்டத்துக்கு வெள்ளிக்கிழமையே எழும்பியிருப்பார்!”

இரண்டு பேரின் தோளும் சிரிப்பில் குலுங்கின.

“பாட்டிலை முந்துறவர் இதிலை மட்டும் ஏன் பிந்துறீர்? எடுமன்.”

“அப்ப ரெண்டுபேருமா எடுப்பம், அண்ணை.”

இரண்டு கையும் ஒன்றாக இறங்க, அந்த மேலோடு ‘படார்’ என்று வெடித்தது. சபை முழுவதும் திடுக்கிட்டு எழும்பியது. யாரோ “ஆமென்” என்றார்கள். எழும்பிய கலக்கத்தில் எவருக்கும் உபசாரம் நினைவில்லை. கை நீட்டி, பிட்டு, “இது உங்களுக்காக” என்று சொல்லி, உடனே வாங்கிச் சாப்பிட்டார்கள். கோப்பைகளும் அப்படியே சுற்றின. கடைசித் துண்டை நான் வாயில் வைத்தபோது வெளியே இருட்டிவிட்டது. வாய்க்குள் டூட்டிங் பாண்தான். ஆனாலும் நான் நின்றது மேலறையில்.

ஆனால் ஒழுங்கு என்று பார்த்தால் எல்லாம் பிழை. எழுதிய பிரசங்கத்தைப் பைக்குள்ளேயே மறந்துவிட்டேன். பாவ அறிக்கையை விட்டுவிட்டேன். சபையை நித்திரையாக்கினேன். ஆகவே போதகர் அவர்கள் தயவுசெய்து இந்தப் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்து, கெதியில் வந்து சேரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பேரக்குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம். பத்தியச் சாப்பாட்டில் மகள் வெந்தயமும் உள்ளியும் வேண்டாமென்றாலும் விடாதே. கர்த்தருடைய முகம் உங்கள் எல்லார்மேலும் பிரகாசிப்பதாக.

அன்புள்ள அக்கா,
எமில்டா

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் செல்வரத்தினம் அண்ணையின் பெண்சாதி போன் பண்ணினா. முதலில் பிட்டது புவனேசன்தான் என்று அண்ணை சொல்கிறாராம். இல்லவே இல்லை, மூத்தவர்தான் முதலில் பிட்டார் என்று புவனேசன் சொல்கிறாராம். ஆளுக்காள் பெருமையை மற்றவருக்கே விட்டுக்கொடுத்து, நேற்று இரவிலிருந்து மறுபடியும் பேச்சில்லை. ஆகவே மேலே விடுவிக்கும்படி கேட்டதை வாசியாததுபோல் விட்டுவிடு. அடுத்த மாதத்துக்கும் கடையில் பாணுக்குச் சொல்லிவிட்டேன். ஒன்றுதான். இரண்டு வாங்கினால் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். நீ பேரப்பிள்ளையோடு ஆறுதலாக இருந்துவிட்டு வா.