எண்பத்திரண்டுக்குப் பின்னால்

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் லிஃப்ட் மெக்கானிக் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். கட்டுவதுபோல் பாவனை செய்தார் என்பதே சரி. மூச்சு அவருக்குப் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தது. அது வந்து சேரும்வரை பொழுதைக் கடத்த வேண்டும்.

"உங்க ஷூவுல லேஸே இல்லியே," என்றாள் மனைவி.

"அதான் தேடிட்டிருக்கேன்."

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பத்து நான்கு வருடமாக ஊரார் படியேறாமல் பார்த்துக்கொண்டவர். லிஃப்ட் நின்றுபோனால் மட்டும், மொட்டைமாடியிலுள்ள மோட்டார் அறைவரை அவர் படியேறியே ஆகவேண்டும். போன வாரம் அப்படி ஏறியவர், ஒன்பதாவது மாடிப் படியில் சற்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் தூங்கிப்போனார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட நான்கு பேர் ஒன்றரை மணி நேரம் கத்தினார்கள். அவர்களில் ஒருவர் இவரைவிட மூத்தவர். வெளியே வந்ததும் இவரைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிவந்தவரும் அவர்தான்.

மறுநாள் மேலாளர் ஒரு வழி சொன்னார். இனிப் படியேற வேண்டாம். புகார்ப் பிரிவில் உட்கார்ந்து போன் எடுத்தால் போதும். சம்பளம் அதேதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"பேசாம சரின்னு சொல்லிட்டு நிம்மதியா உட்காருங்களேன்," என்றாள் மனைவி.

"உட்கார்றதுக்கு எனக்கென்ன வயசாயிடுச்சா?"

அதைக் கண்டறியத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம். மூன்றாவது வளைவிலேயே பதில் தெரிந்துவிடும்போல் இருந்தது.

"வழி விடுங்க தம்பி," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

மெக்கானிக் சிலிர்த்துப்போனார். அவரை யாரும் தம்பி என்று கூப்பிட்டுப் பதினைந்து வருடமாவது இருக்கும். திரும்பினால் ஒரு பெரியவர். முன்வரிசையில் பல் மூன்றுதான் பாக்கி. முதுகு வளைந்து, முகம் முழுக்கச் சுருக்கம். தோளில் ஒரு சாக்கு மூட்டை. கால்கள் மட்டும் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன.

"ஐயாவுக்கு என்ன வயசாகுது?"

"எண்பத்திரண்டு."

மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். இரண்டாவது பார்வை கொஞ்சம் நீண்டுவிட்டது.

"எனக்கு முட்டிதாங்க தகராறு பண்ணுது," என்றார் மெக்கானிக்.

"உங்க வயசுல நானும் இப்படித்தான் பத்தடிக்கு ஒரு தரம் நின்னேன். இதெல்லாம் அறுபத்தஞ்சு வரைக்கும்தான் தம்பி. அதுக்கப்புறம் முட்டி தானா வழிக்கு வந்துரும்."

எந்த டாக்டரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. இன்னும் ஏழே வருடம்! மெக்கானிக் பையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். "நீ மெதுவா வா. நான் ஐயாகூடப் போறேன்."

தண்ணீரும் தொப்பியும் முட்டி வலி மாத்திரையும் அந்தப் பையில்தான் இருந்தன என்பது இரண்டு வளைவு தாண்டித்தான் உறைத்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எண்பத்திரண்டே தண்ணீர் கேட்காதபோது ஐம்பத்தெட்டு எப்படிக் கேட்பது?

பெரியவர் அடுத்த வளைவில் மறைந்துவிட்டார். அவரை எட்டிப்பிடிக்க மெக்கானிக் ஒரு பாறைமேல் குறுக்கே ஏறினார். ஏறிய வேகத்திலேயே சறுக்கி வந்தார். பேன்ட் பின்பக்கம் பிரிந்தது. மானத்தைக் காக்கச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினார். பனியனோடு நின்ற முதுகை வெயில் பதம் பார்த்தது. வெயிலுக்குப் பயந்து வேகமாக நடந்ததில் முட்டி வாய்விட்டு அழுதது.

"பொறு," என்றார் அதனிடம். "ஏழு வருஷம்தான்."

ஒருவழியாக உச்சிக்கு வந்தார். தகரக் கூரை போட்ட டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி.

"நீ எப்படி..."

"அந்தப் பக்கம் ரோடு இருக்காம். ஜீப் வருது. பத்து நிமிஷம்." அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டை ஏன் இடுப்புல இருக்கு?"

"காத்தோட்டமா இருக்கட்டும்னு."

பெரியவர் சாக்கைக் கடைக்குள் இறக்கிவிட்டு, "வரட்டுமா தம்பி," என்று அதே வேகத்தில் கீழே இறங்கிப்போனார். அந்த வளைந்த முதுகு மறையும்வரை மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார்.

"வேணாங்க. அவசரப்படாதீங்க," என்றாள் மனைவி.

"சார், எனக்கு அந்த மேஜை வேலை வேண்டாம்."

"நல்லா யோசிச்சீங்களா?" என்றார் மேலாளர். "அந்த இடத்துக்கு இன்னொருத்தர் ரெடியா இருக்கார். அப்புறம் வந்து கேட்டா என்கிட்ட இருக்காது."

"கேட்க மாட்டேன் சார். எனக்கு உடம்பு இனிமேதான் சரியாகப்போகுது."

மறுமுனையில் மேலாளர் ஏதோ காகிதத்தைப் புரட்டினார்.

"சரி, அவருக்கே குடுத்துடறேன். அப்ப நாளைக்குக் காலையில நேரா அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்துக்குப் போயிடுங்க. ரெண்டு லிஃப்டும் நின்னுபோச்சு."

மெக்கானிக் போனை வைத்தார். மனைவி பையிலிருந்து மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அதைச் சமாளிக்க, டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அம்மாவிடம் உரக்கச் சொன்னார்: "எண்பத்திரண்டு வயசுல என்னமா மலை ஏறுறாரு அந்தப் பெரியவர்!"

"யாரு, அவனா? என் கூடப்பிறந்த தம்பிதாங்க, கல்குவாரியில கிடந்து இப்படி ஆயிட்டான். அம்பத்தாறுன்னு உள்ளதைச் சொன்னா எல்லாரும் 'ஐயோ பாவம்'ங்கிறாங்கன்னு, இப்பல்லாம் எண்பத்திரண்டுன்னு சொல்லி 'அடேயப்பா' வாங்கிக்கிறான்!"