அத்தானும் நானும் வெளியே உதைத்த பந்துகள்

உறவுக்குள் போட்டி வந்தால் ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார் என்றுதான் உலகம் நினைக்கிறது. எங்கள் குடும்பத்தில் இரண்டு பேரும் தோற்றோம். அதுவும் பாடுபட்டுத் தோற்றோம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புலம்பெயர்ந்து வந்த பாடன் நகரில் ஓர் உணவகத்தில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். (ஊருக்கு எழுதும்போது 'ஹோட்டல் துறை'.) கூட வேலை செய்த மார்க்கூஸ் அமெரிக்கன் ஃபுட்போல் ஆடுகிறவன். அந்த ஆட்டத்தில் பந்து முற்றாத பப்பாசிக்காய் மாதிரி இருக்கும். தலைக்கவசம் போட்ட தடியன்கள் ஒருவரையொருவர் இடித்து விழுத்துவார்கள். ஆனால் உதைப்பதற்கென்றே அணியில் ஒருவன் உண்டு. அவன் வந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உயர உதைத்துவிட்டுப் போய் உட்காரலாம். போட்டிகள் இல்லாத அந்தக் குளிர்காலத்தில், மார்க்கூஸின் அணி அடுத்த பருவத்துக்கு ஆட்களைச் சலித்துக்கொண்டிருந்தது. உதைப்பவனுக்குச் சம்பளமும் உண்டாம்.

நான் அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். அத்தான், என் அக்காவின் புருஷன், மட்டக்களப்பில் பெயர்போன உதைபந்தாட்டக்காரர். இங்கே முதியோர் இல்லத்தில் தரை துடைத்தார். எங்கள் ஆட்களின் கழகம் அந்த வருடம்தான் அவரை 'வயசு போட்டுது' என்று மெல்ல ஓரங்கட்டியிருந்தது.

வாரக்கணக்கில் பயிற்சி. ஒவ்வொருவராகக் கழிக்கப்பட்டு, கடைசியில் அத்தானும் நானும், தன் தம்பிக்குத் துணையாக வந்து சும்மா உதைத்துப் பார்த்த தொந்தி பெருத்த பேக்கரிக்காரன் ஒருவனும் மிஞ்சினோம். இடமோ ஒன்றுதான்.

கடைசிச் சோதனைக்கு முதல் நாள் அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"இஞ்ச வந்தாப் பிறகு இந்த மனுசன் இப்பிடிச் சந்தோசமா இருந்து நான் பாக்கேல்லடா. நித்திரையிலயும் உதைக்கிறார்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் முடிவெடுத்தேன். அத்தானோடு போட்டி போட்டு வெல்பவனும் ஒரு மனுசனா? (தியாகி! படத்துக்கு மாலை போடாத குறை.)

மறுநாள் திடலெல்லாம் சேறும் பனியும். முதலில் என் முறை. முதல் பந்தைக் கம்பத்துக்கு இடப்பக்கம் அனுப்பினேன். அடுத்ததை வலப்பக்கம். கடைசிப் பந்துக்கு நடிப்பு முற்றி, வழுக்குவதுபோல் விழுந்தேன். இடுப்பு மட்டும் உண்மையாகவே பிடித்துக்கொண்டது.

அத்தான் வந்து தூக்கிவிட்டார்.

"என்னடா செய்யிறாய்?"

"வழுக்குது அத்தான்."

"வழுக்கேல்ல. எனக்கு விட்டுத் தாறியோ?"

நான் குனிந்து, அவிழாத சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.

அத்தான் பந்தருகே போனார். கம்பங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொரு பந்தையும் கார் தரிப்பிடத்துக்கு உதைத்தார். ஒன்று அமெரிக்கப் பயிற்சியாளரின் கார்க் கண்ணாடியில் பட்டது. அந்த அமெரிக்கர் பேசிய இங்கிலீஷ் எனக்கு முழுசாக விளங்கியது அன்றைக்குத்தான். பேக்கரிக்காரன் ஒரேயொரு பந்தைக் கம்பங்களுக்குள் போட்டு இடத்தைப் பிடித்தான்.

"ரெண்டு பேருக்கும் விசரோ?" என்று அக்கா கத்தினாள். அத்தான் குளிக்கப் போனார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் யாராவது இரண்டு பேர் பந்தியில், "நீங்கள் முதல் இருங்கோ", "இல்லை, நீங்கள் இருங்கோ" என்று இழுபட்டால், பிள்ளைகள், "ரெண்டு பேரும் வெளிய அடிக்கப் போறியளோ?" என்று கேட்பார்கள். எல்லாரும் சிரிப்போம். அத்தானும் சிரிப்பார். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் பந்தைத் தொடவேயில்லை.

போன வருடம் முழங்கால் சத்திரசிகிச்சைக்கு அவரைக் காரில் கூட்டிக்கொண்டு போகும்போது, ஒருவழியாக மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"கழகத்தில எல்லாரும் என்னைக் கிழவன் எண்டு விலத்தினவங்கள். பரவாயில்ல," என்றார். "நீ ஒராளாவது என்னோட மெய்யா மோதுவாய் எண்டு நினைச்சனடா."